வெள்ளிக்கிழமைக்கு முன், அந்த முகட்டைப் பற்றி

மகள்,

ஸலாம் எழுதித் தொடங்கினால் நான் எங்கோ தூரத்தில் இருப்பது போல் ஆகிவிடும். நான் முன்னறையில் கதிரையில் இருக்கிறேன். நீங்கள் இருபதடி தள்ளிக் கிணற்றடியில் நிற்கிறீர்கள். உம்மா பிள்ளையைக் கால்களில் கிடத்தி வெந்நீர் வார்க்கிறார். பிள்ளை கத்துவதும், "இந்தா முடிஞ்சி, இந்தா முடிஞ்சி" என்று நீங்கள் அவனுக்குப் பொய் சொல்வதும் எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து நேரே சொல்லிவிடலாம்தான். மூன்று கிழமையாக அப்படி எழுந்து வந்து, வாயைத் திறந்து, "பால் குடிச்சானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறேன். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு மருமகன் வந்து உங்கள் இருவரையும், சீதனமாகத் தந்துவிட்டு நாங்கள் இங்கே வந்த அந்தக் கடற்கரை வீட்டுக்குக் கூட்டிப்போவார் என்று முன்பே பேசி வைத்திருக்கிறோம். பிள்ளையின் துணிகளை மடித்துப் பைக்குள் வைக்கவும் தொடங்கிவிட்டீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் வாப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பயத்தில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படுக்கையறை முகட்டிலிருந்து கொங்கிரீட் விழுந்திருக்கிறது. கட்டிலின் மேல், நீங்கள் தலைவைத்துப் படுக்கும் பக்கம் விழுந்தது. அந்த அறைக்குள் பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள். இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள்.

பிள்ளை பிறந்து மூன்றாவது கிழமை, வீடு பூட்டியே கிடக்கிறதே, கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று நான் சாவியை எடுத்துக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். மருமகன் டவுனில் அவருடைய உம்மா வீட்டில் நின்று கடைக்குப் போய்வந்த நாட்கள் அவை. யன்னலைத் திறந்த வெளிச்சத்தில் கட்டிலைப் பார்த்தேன். சோற்றுக் கோப்பை அளவு ஒரு துண்டு தலையணையில் கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட், மறுபக்கம் துருப்பிடித்த கம்பியின் அச்சு. தூக்கிப் பார்த்தேன், நல்ல பாரம். தலையணை நடுவில் குழிந்திருந்தது. அதன்பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. துண்டை ஒரு பழைய பையில் போட்டேன். விரிப்பை உதறினேன். நிலத்தைக் கூட்டினேன். கட்டிலை இழுத்து மற்றச் சுவரோடு போட்டேன். வீட்டுக்கு வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். நீங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "வாப்பா இருக்கிறபடியா எனக்கு வீட்டுக் கவல இல்ல" என்றீர்கள்.

அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் முதலில் மேலே பார்க்கிறேன். பள்ளிவாசலில் தக்பீர் கட்டியபடி முகட்டில் வெடிப்பைத் தேடுகிறேன். தொழுகை எந்த ரக்அத்தில் நிற்கிறது என்பது மறந்துவிடுகிறது. பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தால் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை என்று உம்மா டொக்டரிடம் கூட்டிப்போனார். டொக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, "என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டார். அவருடைய அறையின் முகட்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இது ஏன் நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு நீங்களும் ஒரு வீடு கட்டுவீர்கள், அல்லது இதையே திருத்துவீர்கள். சுனாமி நம்முடைய ஓட்டு வீட்டை அள்ளிக்கொண்டு போனபோது உங்களுக்கு எட்டு வயது, தங்கச்சி கைக்குழந்தை. அடுத்த தடவை அலை வந்தால் பிள்ளைகள் ஏறி நிற்க உயரமான இடம் வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு யோசனை இல்லை. ஓடு வேண்டாம், கொங்கிரீட்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். உங்களைக் காப்பாற்றப் பயந்து பயந்து கட்டிய முகடுதான் இது.

கொங்கிரீட் போடும் நாள் ஊரே வந்தது. மச்சான்மார், துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்கள், அயலவர்கள் என்று முப்பது பேருக்கு மாட்டிறைச்சியும் சோறும் அடுப்பில். நல்ல தண்ணீர் கொண்டுவருகிறேன் என்ற பவுசர் லொறிக்காரர் மட்டும் வரவில்லை. மேசன், "நாளைக்குப் போடுவம்" என்றார். வந்த சனத்தை எப்படித் திருப்பி அனுப்புவது? கடலோரக் கிணற்றில் இருந்து அள்ளுங்கள் என்றேன். உம்மா குசினி வாசலில் நின்றுகொண்டு, "இந்த உவர்த் தண்ணியில பருப்பே அவியாது. வீடு மட்டும் நிண்டுருமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பருப்பு அவியாத தண்ணீரில் கொங்கிரீட் குழைக்கக் கூடாது என்பதை இன்று எழுதி வைக்கிறேன். உப்பு அன்றைக்கே கம்பிக்குப் பக்கத்தில் போய்க் குடியிருந்துவிட்டது.

அடுத்த பிழை முகட்டுக்கு மேலே நிற்கிறது. நீங்கள் சின்ன வயதில் விளையாடும்போது எதில் மாட்டிச் சட்டையைக் கிழித்துக்கொண்டீர்களோ, அந்தக் கம்பிகள்தான். எட்டுத் தூணிலும் மூன்றடி உயரத்துக்குக் கம்பியை நீட்டி விட்டேன். கீழ்வீடு மூத்த மகளுக்கு, மேலே கட்டுவது இளைய மகளுக்கு. நம்முடைய ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு நடக்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகட்டுக்கு மேல் கம்பி நின்றால், இந்த மனிசன் இரண்டாவது மகளையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறான் என்று போகிற வருகிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள். மேசன் அப்போதே சொன்னார், "மேல கட்ட நாள் எடுக்கும் எண்டா, கம்பியச் சுத்தி கொங்கிரீட் போட்டு மூடிருங்க. கடல் காத்து விடாது." நான், "மூடினா ஊர் என்ன கதைக்கும்?" என்றேன். மகளுக்கு மேல்வீடு இல்லை என்று கதைக்கும், அந்தக் கதைக்குப் பயந்தேன். கம்பிகளுக்குத் தலைகீழாகப் பிளாஸ்டிக் போத்தல் கவிழ்த்து வைத்தேன். வெயிலில் அவை ஒரு வருடத்தில் நொறுங்கிப் போயின. பிறகு உம்மா அதில் கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டார். பத்தொன்பது மாரி மழை அந்தக் கம்பிகளின் வழியாகத் தூணுக்குள் இறங்கியிருக்கிறது. முகட்டில் தண்ணீர் போகும் குழாய் வாயில் மரச்சருகு அடைத்துக்கொள்ளும். அதையும் நான் எல்லா வருடமும் எடுக்கவில்லை. குளம் கட்டி நின்ற தண்ணீரில் காகம் குளிப்பதைப் பார்த்து நீங்களும் தங்கச்சியும் கைகொட்டினீர்கள். நானும் நின்று பார்த்துவிட்டுப் போனேன்.

இதையெல்லாம் அறியாமல் செய்திருந்தால் எனக்கு இத்தனை பயம் வராது. எனக்குத் தெரியும். என் தொழிலே துருதான். பாலம் வருவதற்கு முன் அந்தக் காலத்தில் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறி, துறைமுகத்துக்குப் போய், கப்பலின் உடம்பில் கட்டிய தொங்கு பலகையில் இருந்துகொண்டு சுத்தியலால் துருத் தட்டிச் சுரண்டினவன் நான். முப்பது வருடம் அதுதான் வேலை. கப்பல் இரும்பு நல்லதாக இருந்தால் தட்டும்போது கணீரென்று கேட்கும். உள்ளே துரு ஊதியிருந்தால் சத்தம் பொத்தென்று செத்துப்போகும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே இருப்பதை வெடிக்க வைக்கும். சுரண்டாமல் பெயின்ட் அடித்தவனைப் பலகையில் இருந்தே ஏசியிருக்கிறேன். "உன்ட வீட்டுக்கும் இப்பிடித்தான் அடிப்பியா?" என்று கேட்பேன். நான் என் வீட்டுக்கு அப்படித்தான் அடித்தேன்.

உங்கள் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்கு ஒரு கிழமைக்கு முன் அந்த அறை முகட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு கண்டேன். நேராக, கம்பி போகும் திசையில். கதிரையில் ஏறிச் சுத்தியல் பிடியால் தட்டினேன். சத்தம் செத்துக் கிடந்தது. பக்கத்தில் தட்டினேன், அங்கேயும் அப்படித்தான். அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது, ஊதின கொங்கிரீட் முழுவதையும் இறக்கி, கம்பியைச் சுரண்டி, எத்தனை கம்பி தேறும் என்று தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுவது. அதைச் செய்தால் கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போகும், தள்ளிப்போன கல்யாணம் நடக்குமோ தெரியாது என்று பயந்தேன். சீமெந்து பூசி, தேய்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தேன். வந்த பெண்கள் முகட்டை நிமிர்ந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், அறை நல்ல வெளிச்சம்" என்றார்கள். உங்கள் மாமியார் அந்த வெள்ளையைத்தான் புகழ்ந்தார். நான் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். பிள்ளை வயிற்றில் இருந்த நேரம். "வாப்பா, மத்தியான வெயிலுக்கு முகட்டுல டிக் டிக் எண்டு சத்தம் கேக்குது" என்றீர்கள். நான், "பல்லியாத்தான் இருக்கும் மகள்" என்றேன். பல்லி இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் நம்பினீர்கள். நான் செய்த எல்லாவற்றிலும் இந்த ஒரு சொல்தான் என்னை இப்போது தின்கிறது. வீட்டில் சத்தம் கேட்கிறது, மணம் வருகிறது, கதவு திடீரென்று இறுகுகிறது என்றால் அது வீடு சொல்லும் சொல். வாப்பா சொன்னாலும் சரி, வேறு யார் சொன்னாலும் சரி, பல்லி என்று நம்பாதீர்கள்.

திங்கட்கிழமை தாங்க முடியாமல் டவுனுக்குப் போய் மருமகனின் புடவைக் கடையில் ஏறினேன். சனம் இல்லாத நேரம் பார்த்து, "மருமகன், உங்களிட்ட ஒரு பிழை ஒப்புக்கொள்ள வந்தனான்" என்றேன். அவர் கையில் இருந்த துணியை மடித்தபடியே, "அறை முகடா மாமா?" என்று கேட்டார்.

"எப்பிடித் தெரியும்?"

"போன நோன்புக்குள்ள ஊதி நிண்டதக் கண்டனான். உங்கட மகள் உங்கட வீட்டுல நிண்ட நேரம். சீமெந்து வச்சு நானே பெயின்ட் அடிச்சிட்டன்."

"ஏன் மருமகன் எனக்குச் சொல்லல்ல?"

"சீதனமாத் தந்த வீட்டுல குறை சொன்னா மாமாட மனசு நோகும் எண்டு நினைச்சன். இன்னும் என்னத்தையோ கேக்கிறான் எண்டு சனம் கதைக்கும். அது எனக்கு ஏலாது மாமா."

மகள், இதை இரண்டு தடவை படியுங்கள். நான் அவருடைய குடும்பத்துக்குப் பயந்து வெள்ளை அடித்தேன். அவர் என் மனசுக்குப் பயந்து அதற்கு மேல் வெள்ளை அடித்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டிருந்தோம், கீழே நீங்கள் வயிற்றில் பிள்ளையோடு படுத்திருந்தீர்கள். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் போலவே நல்லவர். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கெட்டவர்கள் என்றால் யாராவது ஒருவர் சண்டையாவது பிடித்திருப்பார்.

நேற்று இருவரும் போனோம். கட்டிலை வெளியே தூக்கி வைத்தோம். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை அவர் எனக்குக் கட்டிவிட்டார். அவர் ஏணியைப் பிடிக்க, நான் பழைய சுத்தியலை எடுத்து, நீங்கள் முன்பு படுத்த பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். கதவளவு கொங்கிரீட் இறங்கியது. நான் கட்டிலை இழுத்துப் போட்டேனே மற்றச் சுவரோரம், அதுவரைக்கும் இறங்கியது. தூசு அடங்கியபின் நிமிர்ந்து பார்த்தோம். மேலே கம்பிகள் வெளியே தெரிந்தன. விரல் தடிப்புக் கம்பி சில இடங்களில் ஈர்க்களவு இருந்தது. மருமகன் ஒன்றைத் தொட்டார், கையோடு ஒடிந்து வந்தது. பிறகு அவர் நிலத்தில் குந்தி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு பயம். கூடத்து முகட்டை நாங்கள் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. ஏணியைக் கொண்டுபோய் வைத்தோம். என் கை மேலே போகவில்லை.

மற்ற விஷயங்களையும் இதற்குள் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். நீங்கள் எங்கே இருந்தாலும் மாரி தொடங்க முன் முகட்டில் ஏறி, தண்ணீர் போகும் வழியைக் கையால் துழாவிப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் போதாது. ஃபேன் தொங்கும் கொளுக்கி கடற்கரையில் உள்ளே இருந்தே அரித்துப் போகும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்லாத்தானே சுற்றுகிறது என்று விடாதீர்கள். தண்ணீர்த் தாங்கியைக் கொங்கிரீட்டின் மேலேயே குந்தவைக்க வேண்டாம், அது கசிகிறதா என்று யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஒழுக்கைக் கீழே இருந்து அடைக்காதீர்கள், தண்ணீர் உள்ளேயே நின்று வேறு வழி தேடும். சுவரில் பழுப்புக் கோடு கண்டால் அலுமாரியை இழுத்து மறைக்காதீர்கள். உம்மா அப்படி ஒரு அலுமாரியைப் பத்து வருடம் வைத்திருந்தார், பின்பலகை கையில் மாவாக வந்தது, உள்ளே இருந்த கல்யாணச் சேலையும் போனது. இதை நான் எழுதியதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது கடைசி விஷயம். நேற்று அந்த வீட்டு வாசற்படியில் இருந்து மருமகனும் நானும் ஒரு முடிவெடுத்தோம். உங்களுக்குச் சொல்வதில்லை என்று. "பால் குடுக்கிற பிள்ள மாமா. பயந்தா பால் வத்திப் போகும். பெயின்ட் வேலை நடக்குது எண்டு சொல்லுவம்" என்றார். நான் ஓம் என்றேன். கைகொடுத்துப் பேசிய பேச்சு. வழியெல்லாம் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்தால் நீங்கள் பிள்ளையின் சின்னத் தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாப்பா, அந்த அறையில தொட்டில் கட்ட முகட்டுல ஒரு கொளுக்கி அடிச்சுத் தாங்களன்" என்று கேட்டீர்கள்.

அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் வரை நீங்கள் அந்த முகட்டை நம்பிக்கொண்டுதான் இருப்பீர்கள். ஒரு நாள் நாங்கள் இருவரும் இல்லாத நேரம் சாவியை எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு துணியை எடுக்க உள்ளே போவீர்கள். அதோடு, வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்த வீட்டின் சொந்தக்காரி நீங்கள். வீட்டைப் பற்றித் தெரியாமல் இருக்கும் ஒரே ஆளும் நீங்கள்தான். முகட்டை இறக்கித் தகரம் போடுவதா, முழுவதையும் இடிப்பதா, அந்த வீடே வேண்டாம் என்று இங்கேயே இருப்பதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு மேல்வீடு என்ற கதை முடிந்தது. வெளியூரில் படிக்கப் போயிருக்கும் அவளுக்கு அதை நான் தனியே எழுதுவேன். ஊர் கதைக்கும். கதைக்கட்டும், கதை யாருடைய தலையிலும் விழுந்து மண்டையை உடைக்காது.

பயப்படுங்கள் மகள். நான் உங்களைப் பயப்படவேண்டாம் என்று சொல்லி வளர்த்தது பிழை. பால் வற்றினால் டின் பால்மா வாங்கலாம்.

வெள்ளிக்கிழமை மருமகன் வருவார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், மணம் பிள்ளைக்கு ஆகாது, இன்னும் கொஞ்ச நாள் இங்கே நில்லுங்கள் என்பார். அவரை ஏச வேண்டாம், ஏசுவதாக இருந்தால் என்னிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "முகட்டுல எவ்வளவு விழுந்திச்சி?" என்று மட்டும் கேளுங்கள். அவர் உங்களைப் பார்க்கமாட்டார், என்னைத் திரும்பிப் பார்ப்பார். "ஓம் மருமகன், நான்தான் சொன்னனான்" என்பேன்.

வாப்பா